எடை குறைந்த டம்பெல்லும் வெயிலில் காய்ந்த ரப்பரும்

கேள்வி: 5 கிலோ என்று அச்சிட்ட டம்பெல் ஒரு ஜோடி வாங்கினேன். தராசில் ஒவ்வொன்றும் 4.2 கிலோதான் காட்டுகிறது. கேட்டால், "கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: 800 கிராம் குறைந்தால் அது முன்னே பின்னே இல்லை, எடை மோசடி. உங்கள் மேல் தப்பே கிடையாது, விடாதீர்கள். அச்சிட்ட எண்ணும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். போனில் கத்தினால் எங்கேயும் பதிவாகாது. மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே முடிவு செய்து, இன்ன தேதிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். தேதி தாண்டினால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டு வேலைக்கு நடுவே ஐந்தைந்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்கேற்ற கருவி எது?

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். வாரத்தில் 2 நாளாவது உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அடுப்பு மேடை விளிம்பில் கை ஊன்றி 10 தண்டால். போன் பேசி முடித்ததும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து உட்காருங்கள். கடைசி இரண்டு மூன்று சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் இன்னும் மெதுவாக இறங்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு எழுதுங்கள், அப்போது கருவி பற்றிப் பேசுவோம்.

கேள்வி: உடற்பயிற்சி ஆப், ஒரு வருடச் சந்தா கட்டினால் பாதி விலை. கட்டலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதம் கட்டுங்கள்.

கேள்வி: இடுப்பில் கட்டிக்கொண்டால் தானாக வயிறு இறுகும் என்று மின்பட்டை வாங்கினேன். இரண்டு மாதமாகப் பலன் இல்லை. விதிமுறையைப் படிக்கவில்லை. பணம் திரும்புமா?

பதில்: கஷ்டம்தான். 2002-லேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட பட்டை விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. பணம் கட்டும் முன் இரண்டு நிமிடம் படித்திருக்கலாம். விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்தால் அதை வைத்துப் புகார் கொடுங்கள்.

கேள்வி: பழகிய சிவப்பு ரப்பர் பட்டை அறுந்தது. வேறு கம்பெனியின் சிவப்பு வாங்கினேன், இழுக்கவே முடியவில்லை. போலியா?

பதில்: போலி இல்லை. எனக்குப் பல வருட ஆத்திரம் இதில். பட்டை எவ்வளவு முரடு என்று காட்டத்தான் நிறம், ஆனால் இந்த நிறங்களுக்குப் பொது அளவே கிடையாது. ஒருவரின் சிவப்பு இளசு, இன்னொருவரின் சிவப்பு முரடு. சிலர் கிலோ போடுகிறார்கள், எவ்வளவு தூரம் இழுத்தபோது அந்தக் கிலோ என்று போடுவதில்லை. நீள நீள இழுவிசை கூடும் பொருளுக்கு வெறும் கிலோ எதற்கு உதவும்? நானும் நிறம் பார்த்து ஐந்து வாங்கி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். வெயில் பட்டு ரப்பர் விறைத்துப் போனது. மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தும் இழுத்தேன். அறுந்து கண்ணுக்குக் கீழே அடித்தது, தடிப்பு ஒரு வாரம் இருந்தது. நிழலில் வையுங்கள், எண்ணெய் படாமல். ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், முக்கியமாகக் கைப்பிடி சேரும் இடத்தை. வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் குப்பைக்குத்தான். கடைக்காரர் ஏற்றுக்கொண்டால் புதுச் சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியில் ஒரு படி இளசானதைக் கேளுங்கள்.