எம்.எஸ்.டபிள்யூ. முதல் களப்பணி: டெல்டா மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பின் முதலாண்டில் சேர்ந்த சில வாரங்களிலேயே களப்பணி ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்துவிடும். அன்று மாலையே வீட்டில் கவலை தொடங்கும். "மனநலக் காப்பகமா? பொம்பளப் பிள்ளைய அங்கேயா அனுப்புறது?" என்று அம்மா கேட்பார். "அங்க போய் நான் என்ன செய்யப்போறேன்?" என்பது மாணவரின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். முதல் பருவத்தில் (செமஸ்டரில்) நீங்கள் யாருடைய பிரச்சினையையும் தீர்க்கப் போவதில்லை. பார்ப்பது, கேட்பது, பார்த்ததையும் கேட்டதையும் பிசகாமல் எழுதுவது இவற்றைத்தான் கற்கப் போகிறீர்கள். இந்தத் தெளிவு இல்லாமல் போகிறவர்கள்தான் மூன்றாவது வாரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு 2 நாள் களப்பணி. உங்களை வழிநடத்த, களப்பணி நிறுவனத்தில் ஒரு ஏஜென்சி சூப்பர்வைசர், கல்லூரித் துறையில் ஒரு ஃபேகல்டி சூப்பர்வைசர் இருப்பார்கள். வாராவாரம் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும், ஐ.சி.யில் (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) சூப்பர்வைசரோடு தனியாகவும் ஜி.சி.யில் (குரூப் கான்ஃபரன்ஸ்) குழுவாகவும் பேச வேண்டும், பருவ முடிவில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. கிராம முகாமும் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஒரு மாதம் வேலை பார்க்கும் பிளாக் பிளேஸ்மென்ட்டும் வேறு கணக்கு, அவற்றைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

போவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின் அல்லது திட்டத்தின் கீழ் இயங்குகிறது, அங்கே ஒருவர் எப்படி வந்து சேர்கிறார். குழந்தைகள் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலக் குழு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூன்றும் எப்படி இணைகின்றன என்று படியுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அறிந்திருங்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து நோயாளியோடு வந்த குடும்பம், வருமானச் சான்றுக்காகத் திரும்பவும் ஊருக்குப் பஸ் ஏறும். எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த மாணவர் அங்கே உடனே பயன்படுவார்.

கல்லூரிக் கடிதத்தின் நகலும் அடையாள அட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும். முதல் நாளுக்கு முன்பே ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்வந்துவிடுங்கள். மாணவிகளுக்கு ஒரு குறிப்பு: கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான் செல்லும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் வெளியூர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும், சில்லறையோடு போங்கள். ஷூ வேண்டாம். ஒரு காலையில் பத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். குடையும் தண்ணீரும் கட்டாயம்.

கிராமத்தில் களப்பணி என்றால் பயிர்க் காலம் தெரியாமல் திட்டம் போடாதீர்கள். முதல் பருவம் குறுவை அறுவடையோடும் சம்பா நடவோடும் நேராக மோதும். காலையில் நடவுக்குப் போன பெண்கள் மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவார்கள். பத்தரை மணிக்குப் போய்த் திண்ணையில் இருக்கும் முதியவர்களிடம் மட்டும் பேசிவிட்டு, "மகளிர் ஆர்வம் காட்டவில்லை" என்று ரிப்போர்ட் எழுதுவது வருடாவருடம் நடக்கும் தவறு. கடற்கரை ஊர்களில் கணக்கு வேறு. படகு கரைக்கு வரும் நேரத்தில் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் வீடு வீடாக ஏறவும் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு நோட்டும் கேமராவுமாக எத்தனையோ பேர் வந்துபோனார்கள். "கேட்டுட்டுப் போறீங்க, அப்புறம்?" என்று அவர்கள் சலித்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த சிக்கல், உங்களை யார் என்று நினைக்கிறார்கள் என்பது. கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் ஃபைல் என்று வருபவரைக் கண்டால் குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் என்று சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். வேறு சில வீடுகளில் உரிமைத்தொகைக்குப் பெயர் எழுத வந்தவர் என்று ஆதார் ஜெராக்ஸை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பெயர், கல்லூரி, எந்த நிறுவனத்தின் மூலம் வருகிறோம், பணமோ திட்டமோ எங்கள் கையில் இல்லை, இத்தனை மாதம் வருவோம் என்பதை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ அறிமுகம் செய்துவைத்தால் வேலை எளிதாகும்.

சாதியைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். டெல்டா கிராமங்கள் பலவற்றில் ஊர்த் தெரு ஒரு பக்கம், வாய்க்காலுக்கு அப்பால் காலனி. தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு அங்கிருந்தே ஊரைப் பற்றிக் குறிப்பெடுத்தால், காலனியில் யாரும் உங்களை நம்பிப் பேச மாட்டார்கள். இரண்டு பக்கமும் முதல் வாரத்திலேயே போங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று கேட்பது சாதி கேட்பதுதான். கோபப்படாமல், "அதெல்லாம் வேணாங்கம்மா, நான் காலேஜ்ல இருந்து வந்திருக்கேன்" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்தது. இந்த வரலாறு தெரியாமல் இந்தப் பகுதியில் கூலி, நிலம் பற்றிக் கேள்வி கேட்கப் போகாதீர்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். மாணவர்களின் மதிப்பெண்ணும் கற்றலும் இங்கேதான் கோட்டை விடப்படுகின்றன. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியோடு பேசியதை ஒருவர் இப்படி எழுதுவார் என்று வைத்துக்கொள்வோம்: "பயனாளி மனவருத்தத்தில் இருந்தார். ஆலோசனை வழங்கப்பட்டது. அவர் நிம்மதியடைந்தார்." இதில் சூப்பர்வைசருக்குத் தெரிய வருவது ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதலாம்:

"11.10க்குப் பேசத் தொடங்கினோம். மகனைப் பற்றிக் கேட்டதும் சேலைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தார். 'அவன் திருப்பூர்ல இருக்கான்' என்றார். எப்ப வருவாரு என்று கேட்டேன். 'சோத்துக்கு மணி அடிச்சிட்டாங்களா?' என்றார். நான் உடனே 'கண்டிப்பா வருவாரு பாட்டி' என்றேன். அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை."

பாட்டி பேச்சை மாற்றிய இடமும் மாணவர் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்த இடமும் இதில் அப்படியே இருக்கின்றன. ஐ.சி.யில் பேச வேண்டியது இதுதான்: அந்த மௌனத்தில் நீங்கள் ஏன் பேசினீர்கள், மகன் வருவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும். உங்கள் தடுமாற்றத்தை மறைக்காமல் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படாதீர்கள். நல்ல சூப்பர்வைசர் அதைத்தான் தேடுகிறார். பேசும்போது எதிரில் எழுத வேண்டாம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஐந்தாறு சொற்களைக் குறித்துக்கொண்டு, முழு ரிப்போர்ட்டை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிற ரிப்போர்ட்டில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள், "ஆலோசனை வழங்கப்பட்டது" மட்டும்தான் இருக்கும்.

ஒரே ஒரு சூழலில் தயங்கக் கூடாது. ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றே, வீட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு சூப்பர்வைசர்களிடமும் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு தகவல் தெரிந்த எவரையும் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, மாணவருக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனம் மழுப்பினால் துறைத் தலைவரிடம் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம்.

இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த செல்ஃபியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடக வழியிலும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ரிப்போர்ட்டிலும் உண்மைப் பெயர் வேண்டாம், முதலெழுத்துப் போதும். சொந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், சொந்த எண்ணையும் கொடுக்காதீர்கள். மனம் கேட்காதுதான். ஆனால் ஒருவருக்கு 200 ரூபாய் கொடுத்தால் அடுத்த வாரம் உங்களிடம் பேச வருபவர்கள் பணத்துக்காகத்தான் வருவார்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை போகும் இடத்தின் பெயர், நேரம், இரண்டு சூப்பர்வைசர்களின் எண் ஆகியவற்றை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு இருவராக அனுப்பச் சொல்லித் துறையிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லலாம். மனநலக் காப்பகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், அங்கே மாணவர்கள் பணியாளர் உடனிருக்கத்தான் வேலை செய்கிறார்கள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்பீர்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவற்றில் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள்தான். மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும், மனிதவளப் பிரிவு எடுத்தால் தொழிற்சாலைகளிலும் இடம் உண்டு. எந்த நேர்காணலிலும் களப்பணியில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள், நடுவில் தீபாவளி. விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை ஈடுகட்ட முடியுமா என்று செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளியில் குழுப்பணி எடுத்தால் 8 முதல் 10 பிள்ளைகள் போதும், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அமர்வுகளை முடிக்கும்படி தேதி குறியுங்கள். விடைபெறுவதைக் கடைசி நாளில் சொல்லாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே, "இன்னும் மூணு தடவைதான் வருவேன்" என்று சொல்லத் தொடங்குங்கள். விட்டுப்போனவர்களால் ஏற்கெனவே காயப்பட்ட குழந்தைகளும் முதியவர்களும்தான் அங்கே இருக்கிறார்கள். பாதியில் நிற்கும் மனுக்கள், மருத்துவமனைத் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கடைசி நாளன்று ஏஜென்சி சூப்பர்வைசரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.