முதலில் தண்டு, அப்புறம்தான் மேகம்

கேள்வி: வணக்கம் அம்மா. என்னிடம் ஜப்பானியக் கருப்பு பைன் கன்றுகள் 4 இருக்கின்றன. 4 வயது, இடுப்பு உயரம், நிலத்தில்தான் நிற்கின்றன. ஜப்பானியத் தோட்டங்களில் மேகத் திட்டுகளை அடுக்கி வைத்ததுபோல நிற்கும் மரங்களாக இவற்றை வளர்க்க ஆசை. இப்போதே நுனியை வெட்டி, உருண்டை உருண்டையாகக் கத்தரித்துவிடலாமா? எத்தனை வருடம் ஆகும்?

பதில்: கத்தரியை இப்போது தொடாதீர்கள். உங்கள் கன்றுகளுக்கு இந்த வயதில் முக்கியமான வேலை தண்டை வளைப்பதுதான். மேகத் திட்டுகளைப் பத்து வருடம் கழித்தும் உருவாக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றியும் அமைக்கலாம். தண்டு தடித்துவிட்டால் அதன் போக்கை மாற்றுவது பெரும்பாடு. இப்படி வளர்க்கும் தோட்ட மரத்துக்கு ஜப்பானில் நிவாகி என்று பெயர். நிவா என்றால் தோட்டம், கி என்றால் மரம். நல்ல நிவாகி ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். கண் முதலில் தண்டைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும்.

கருப்பு பைன் கடற்கரை மரம். ஒரே திசையில் அடிக்கும் உப்புக் காற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து வளர்ந்த கிழட்டு மரத்தின் தோற்றத்தைத்தான் நாம் கன்றில் கொண்டுவரப் பார்க்கிறோம். எங்கே வளைப்பது என்று குழப்பம் வந்தால் அந்தக் கடற்கரை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

குளிர்காலத்தின் கடைசியில், குருத்து நீளத் தொடங்கும் முன் வேலையை ஆரம்பியுங்கள். வசந்தத்தில் மரம் வேகமாக வளரும்போது பட்டை கட்டையிலிருந்து எளிதாக வழுகிப் பிரிந்துவிடும், அப்போது வளைத்தால் உள்காயம். கன்றை வேர்மண்ணோடு தோண்டி எடுத்து, அதே இடத்தில் சாய்வாக நடுங்கள். தண்டு மண்ணிலிருந்து கிளம்பும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் முதல் வளைவு இயல்பாக இருக்கும். செங்குத்தாக ஒரு முழம் ஏறி, அப்புறம் திடீரென வளைந்தால் ஒட்டவைத்த மாதிரி தெரியும். தோண்டும்போது வேரைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பயப்படாதீர்கள், கழுவியும் விடாதீர்கள். அது வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிறது, பைனுக்கு அது வேண்டும்.

நட்ட பிறகு பக்கத்தில் இரண்டு மூன்று மூங்கில் கழிகளை உறுதியாக ஊன்றி, தண்டை இந்தக் கழிக்கும் அந்தக் கழிக்குமாக இழுத்துக் கட்டுங்கள். ஜப்பானில் இதற்கு ஷூரோ என்ற பனை வகையின் நாரில் திரித்த கயிறு. பட்டையை அறுக்காத எந்த நார்க்கயிறும் போதும். கீழ் வளைவு பெரியது, மேலே போகப் போகச் சிறியது. எல்லா வளைவும் இடம் வலமாகவே இருந்தால் சுவரில் ஒட்டிய பாம்பு போலாகிவிடும். ஒன்றாவது முன்னே வரட்டும், ஒன்று பின்னே போகட்டும். ஒரே மூச்சில் வளைக்காமல் இன்று கொஞ்சம், இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் என்று இறுக்குங்கள். கோடை நடுவில் கட்டாயம் எல்லாக் கட்டுகளையும் பாருங்கள். தண்டு பருக்கும் காலம் அது, கயிறு புதைந்தால் தழும்பு போகவே போகாது.

கிளைகளுக்கு வருவோம். பைன் ஒவ்வொரு வருடமும் ஒரே மட்டத்தில் வட்டமாக நான்கைந்து கிளைகள் விடும். எல்லாவற்றையும் வைத்தால் அந்த இடம் முண்டு கட்டிவிடும். வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்து, மற்றதை இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். அடிக்கிளைகளைக் கடைசி வரை விட்டுவையுங்கள், தண்டைத் தடிக்க வைப்பவை அவைதான். வைத்துக்கொள்ளும் கிளையோடு ஒரு மெல்லிய மூங்கிலைச் சேர்த்துக் கட்டிக் கிடைமட்டமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இறக்குங்கள். இளம் மரத்தின் கிளை மேல்நோக்கிப் போகும், வயதான மரத்தின் கிளை கீழே தாழும்.

உருண்டையாகக் கத்தரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே, என் முதல் கருப்பு பைனுக்கு நான் அதைத்தான் செய்தேன். வேலி வெட்டும் பெரிய கத்தரியால் சுற்றிலும் வெட்டினேன். கொஞ்ச நாளில் வெட்டுப்பட்ட ஒவ்வொரு ஊசியிலையின் முனையும் தீய்ந்ததுபோலப் பழுப்பானது. அது அடுத்த வருடம் சரியானது. சரியாகாத தவறு இன்னொன்று. மிக நீளமாக இருந்த ஓர் அடிக்கிளையை, தண்டுப் பக்கம் புதிதாகத் துளிர்க்கும் என்று நம்பி, இலையே இல்லாத பகுதி வரை வெட்டிவிட்டேன். துளிர்க்கவில்லை. தண்டு வரை காய்ந்து போனது. அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகத்தான் நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். பைனில் பச்சை ஊசி இல்லாத பழைய கட்டையிலிருந்து துளிர் வரும் என்று நம்பவே கூடாது. எங்கே வெட்டினாலும் உங்கள் வெட்டுக்குக் கீழே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடர்த்தி, கத்தரியால் வராது, விரலால் வரும். தண்டும் கிளைகளும் அமைந்த பிறகு, வசந்தத்தில் கிளை நுனியில் மெழுகுவத்திகளைப் போலக் குருத்துகள் நிமிர்ந்து நிற்கும். நடுவில் இருப்பது மிக நீளம், சுற்றிலும் மூன்று நான்கு சின்னவை. ஊசிகள் விரியும் முன், நடுக் குருத்தை அடியில் பிடித்துப் பக்கவாட்டில் சாயுங்கள், கீரைத்தண்டு ஒடிவதுபோல மெத்தென்று ஒடியும். மிச்சத்தில் V வடிவில் இரண்டை வைத்து, அவற்றையும் பாதி நீளத்தில் கிள்ளுங்கள். அடுத்த வருடம் அந்த இரண்டும் நான்காகும். ஒரு கிளை முடிவதற்குள் விரல்கள் பிசினில் ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் தேய்த்தால் போய்விடும். இந்தக் கிள்ளுக்கு ஜப்பானில் மிதொரித்ஸுமி என்று பெயர். இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகளைக் கையால் உருவி எடுக்கும் வேலை மொமியாகே. உள்ளே வெயில் போனால்தான் உள்கிளை உயிரோடிருக்கும்.

எத்தனை வருடம்? வளைத்த தண்டு கழியில்லாமல் நிற்க இரண்டு மூன்று வருடம். மேகம் என்று சொல்லும்படி ஆகப் பத்து வருடமாவது வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் வேலை நிற்காது. ஜப்பானில் தகமட்சு நகரின் ரிட்சுரின் தோட்டத்தில் சுமார் 1,400 பைன் மரங்கள். அவற்றில் ஏறக்குறைய 1,000 மரங்களுக்குத் தோட்டக்காரர்கள் கையாலேயே கவாத்து செய்து வருகிறார்கள்.

கேள்வி: கோடையில் பைன் குருத்துகளை அடியோடு வெட்டினால் ஊசி குட்டையாகும் என்கிறார்களே, என் ஐந்தூசி பைனுக்குச் செய்யலாமா?

பதில்: கூடாது. மெகிரி எனப்படும் அந்த வேலை, ஒரே கோடையில் இரண்டாவது முறை துளிர்க்கும் வலு உள்ள கருப்பு பைனுக்கானது. சிவப்பு பைனுக்கும் பார்த்துச் செய்யலாம். ஐந்தூசி பைன் அதைத் தாங்காது, அதற்கு வசந்தக் கிள்ளல் போதும். கருப்பு பைனாக இருந்தாலும் வளைத்துக் கட்டியிருக்கும் கன்றுக்கு வேண்டாம்.

கேள்வி: தொட்டியில் போன்சாயாக வளர்த்த ஐந்தூசி பைனை நிலத்துக்கு மாற்றினால் வடிவம் கெட்டுவிடுமா?

பதில்: கவனித்துக்கொண்டே இருந்தால் கெடாது. அதே ரிட்சுரின் தோட்டத்தில், 1833இல் ஜப்பானை ஆண்ட ஷோகுன் தொகுகாவா இயெனாரி அந்தப் பகுதியின் பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்த ஐந்தூசி பைன் போன்சாய் ஒன்றை நிலத்தில் நட்டார்கள். இன்று அது சுமார் 8 மீட்டர் உயர மரம். நிலத்துக்குப் போனதும் நுனிதான் முதலில் ஓடும், அதைக் கிள்ளி அடக்கி, கீழ்க்கிளைகளை வளர விடுங்கள்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் என் பைன் ஊசிகள் மஞ்சளாகின்றன. நோயா?

பதில்: கிளையின் உள்பக்கத்து ஊசிகள் மட்டும் மஞ்சளானால் நோய் இல்லை, பழைய இலை உதிர்கிறது. கைநிறைய உருவி எடுங்கள். நுனிப்பக்கத்துப் புது ஊசிகளும் மஞ்சளானால் முதலில் வேரைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஜாண் ஆழம் தோண்டிக் கையை வைத்துப் பாருங்கள். மண் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் தேங்குகிறது. குளிர்காலக் கடைசியில் மரத்தை எடுத்து, பருமணல் கலந்த மேட்டில் நடுங்கள்.