அறுகோணக் கட்டம் அச்சில் சுருங்குவது ஏன்?

கேள்வி: பலகை விளையாட்டு ஒன்றை நானே உருவாக்கி வருகிறேன். அதற்கான அறுகோணக் கட்டத்தாளை நோட்பேடில் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தில் எதை எங்கே வரைவது என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும் மொழி) நிரலாகக் கையால் எழுதி, பிடிஎஃப் ஆக்கி, கடையில் அச்சடிக்கிறேன். கட்டத்தின் அகலம் 20 மி.மீ. இருக்க வேண்டும், அச்சில் 19-ஐ ஒட்டித்தான் வருகிறது. கடைசல் பட்டறையில் செய்த 19 மி.மீ. வட்டக் காய்கள் கட்டத்தின் கோடுகளை மிதிக்கின்றன. கடைக்காரர், "ஃபைலே சரியில்லை, கோரல்டிராவில் புதிதாகப் போட வேண்டும்" என்கிறார். காய்களில் ஒட்டும் சீட்டில் 'கோட்டை' என்று எழுதினாலும் குப்பையாக வருகிறது. என்ன செய்வது? - வாசகர், மதுரை

பதில்: கோரல்டிராவுக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கோப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு கட்டத்தை அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். வரிசையாகப் பத்துக் கட்டங்களை அளந்து பாருங்கள். 200 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 192 வந்தால், பக்கம் 96 சதவீதமாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. அச்சடிக்கும் பெட்டியில் 'ஃபிட்' என்ற தேர்வு தானாகவே விழுந்திருக்கும். தாளின் ஓரத்தில் அச்சுப்பொறியால் மை போட முடியாத நாலைந்து மில்லிமீட்டரை விட்டுவிட்டு, மீதி இடத்துக்குள் முழுப் பக்கத்தையும் அடக்கும் வேலை அது. மாறாக ஒரு கட்டத்தின் அகலம் 17.3 வந்திருந்தால், நீங்கள் மூலைக்கு மூலை 20 என்று வைத்துவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பேன். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 20 வேண்டுமானால் ஒரு பக்கத்தின் நீளம் 20-ஐ 1.732-ஆல் வகுத்த 11.547.

எனவே கடையில் 'ஆக்சுவல் சைஸ்', அதாவது 100 சதவீதம் என்று சொல்லி, திரையில் அதைத் தேர்ந்தெடுப்பதைக் கண்ணால் பாருங்கள். "போட்டுட்டேன் சார்" என்பதை நம்ப வேண்டாம். தாளின் மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரையும்படி நிரலில் சேர்த்துவிடுங்கள். முதல் பிரதி வந்ததும் ஸ்கேலை வைத்துக் காட்டினால் பேச்சே எழாது.

தாளின் அளவையும் கோப்பிலேயே சொல்லிவிடுங்கள். செட்பேஜ்டிவைஸ் கட்டளையில் 595, 842 என்று கொடுத்தால் ஏ4. சொல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் பல கணினிகளில் அமெரிக்க லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். நம்மூர்க் கடைகளில் அந்தத் தாளை யார் விற்கிறார்கள்? ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக அதுவேதான் இயல்பிருப்பு. ஏ4-இல் உங்கள் கட்டம் 11 நெடுவரிசை, 13 கிடைவரிசை என்று தாராளமாக அடங்கும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் அடிப்படை அலகு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. தொடக்கத்திலேயே '72 25.4 டிவ் டூப் ஸ்கேல்' என்று எழுதிவிட்டால் அப்புறம் எல்லாம் மில்லிமீட்டர்தான். ஆனால் கோட்டின் தடிமனும் அதோடு சேர்ந்து 1 மி.மீ. ஆகிவிடும்; 0.2 என்று குறைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டு அச்சுப்பொறியில் மெல்லிய கோடாக வருவது, நுணுக்கமான இயந்திரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட மொழி. வெறும் எழுத்துக் கோப்பு, இன்றும் அப்படியே ஓடுகிறது. ஆனால் 'பழைய ஃபைல், திறக்காது' என்று சொல்லி, திரும்ப வரைவதற்கு டிசைன் சார்ஜ் வாங்குவது சிலருக்குப் பிழைப்பு. அப்படிப்பட்டவர் செய்வது என்ன? உங்கள் பிடிஎஃப்பை உள்ளே இழுத்துப்போட்டு, கையால் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுப்பார். மூல கோப்பும் அவரிடமே தங்கிவிடும். அடுத்த முறை ஒரு வரிசை கூட்ட வேண்டுமென்றால் மறுபடியும் காசு. அறுகோணத் தாள் தொகுப்பு என்று இணையத்தில் விற்பவர்களும் இந்த ரகம்தான். உங்கள் நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் கிடைப்பதை நூறு பக்கமாக்கி விலை வைக்கிறார்கள். பிடிஎஃப் ஆக்குவதற்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் போதும், இலவசம். தேடும்போது மேலே வரும் விளம்பரச் சுட்டியைத் தொடாதீர்கள். பெரிய நிறுவனங்களும் உதவுவதில்லை: ஆப்பிள் தன் மேக்கில் வென்சுரா பதிப்போடு பிரிவ்யூ செயலியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பைத் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு இந்த மொழி புரியாது. கோப்பை நேராக அனுப்பினால் கட்டத்துக்குப் பதில் உங்கள் நிரல் வரிகளையே பக்கம் பக்கமாகத் துப்பும். எப்போதும் பிடிஎஃப்பாகவே கொண்டுபோங்கள்.

'கோட்டை' விஷயத்தில் மட்டும் கையால் எழுதிய நிரல் உங்களைக் கைவிடும். எழுத்துகளைத் தாளில் போடும் இந்த மொழியின் ஷோ கட்டளை ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று பார்க்கிறது. யூனிகோடில் சேமித்த 'கோட்டை' 18 பைட். அத்தனையையும் தனித்தனி எழுத்தாகத் தேடினால் குப்பை வராமல் என்ன வரும்? யூனிகோட் எழுத்துருவை மாட்டினாலும் தீராது. கணினி 'க' என்பதை முதலிலும் ஓகாரக் குறியைப் பின்னாலும் சேமிக்கிறது. தாளில் அந்தக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னால் விழ வேண்டும். அந்த இடமாற்றத்தை இந்த மொழி தானாகச் செய்யாது.

வழி இரண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துரு கையில் இருந்தால், அதில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்கிறோம்; ஒவ்வொன்றும் ஒரே பைட். அதனால் ஷோ கட்டளைக்கு அது சரியாகவே புரியும். எழுத்துருக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிவிட்டால் போதும். பழைய எழுத்துரு வேண்டாம் என்றால், சீட்டுகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்யுங்கள். அதுவும் இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கும். முடிந்ததும் எழுத்துகளைப் பாதைகளாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிச் சேமியுங்கள். அப்போது கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. சீட்டின் விட்டத்தை 18 மி.மீ. என்று வையுங்கள். கத்தரிக்கோல் சற்று விலகினாலும் காயின் விளிம்புக்கு வெளியே நீட்டாது.