கட்டபொம்மனுக்கு யார் முகம்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வரலாற்றுப் படங்கள் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதுரையில் 26 வருடம் ஒரு ஃபிலிம் சொசைட்டிக்குச் செயலாளராக இருந்தேன். ஆபரேட்டர் வராத நாட்களில் புரொஜக்டரும் ஓட்டினேன். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். கட்டபொம்மன் ஜாக்சனிடம் பேசியது என்று ஒரு மாணவன் பரீட்சைத் தாளில் சினிமா வசனத்தை முழுசாக எழுதிவைத்திருக்கிறான். மார்க் போடுவதா, கூடாதா? (ஆசிரியை, கோவில்பட்டி)

மனப்பாடம் செய்ததற்காவது போடுங்கள் டீச்சர். எனக்கே இன்னும் பாதி தப்பாகத்தான் வருகிறது.

உங்களுக்குக் கயத்தாறு பக்கம்தானே, பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே நிற்கிற சிலை சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் இடம் வாங்கி வைத்தது. முதல் தடவை பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தபோது என் கண்ணுக்குச் சிவாஜிதான் தெரிந்தார். கட்டபொம்மன் என்றதும் நமக்கு ஞாபகம் வரும் முகம் 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் வந்த முகம். கல்லிலும் அது ஏறிவிட்டது.

சரி, ஜாக்சன் விஷயத்துக்கு வருகிறேன். 1798இல் கலெக்டர் ஜாக்சன் பேட்டி தருவதாகச் சொல்லி ஊர் ஊராக அலையவிட்டார். கட்டபொம்மன் 23 நாளில் 400 மைல் அவர் பின்னால் போக வேண்டியிருந்தது. கடைசியில் ராமநாதபுரத்தில் சந்திப்பு. அங்கேயும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்புறம் வந்த கைகலப்பில் கிளார்க் என்ற லெப்டினன்ட் செத்துப்போனார். கம்பெனியே விசாரணைக் குழு போட்டு, கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்று சொல்லி ஜாக்சனை வேலையிலிருந்து நீக்கியது. அதே கம்பெனிதான் மறு வருடம் கயத்தாற்றில் கயிற்றை மாட்டியது.

உட்காரச் சொல்லாமல் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்ட பாளையக்காரர். எனக்கு வசனத்தைவிட இது அதிகமாகச் சுடுகிறது. ஆனால் சும்மா நிற்கிறவருக்குத் தியேட்டரில் விசில் வராது. சுதந்திரம் வந்து 12 வருடம்தான் ஆகியிருந்தது. ம.பொ.சி. மேடை மேடையாகக் கட்டபொம்மன் பெயரைச் சொல்லிவந்த காலம். கதை ஏற்கெனவே நாடகமாகக் கைதட்டல் வாங்கியிருந்தது. வெள்ளைக்காரனிடம் அன்றைக்கு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று 1959இல் டிக்கெட் வாங்கியவர்கள் ஆசைப்பட்டார்களோ, அதை வசனகர்த்தா சக்தி கிருஷ்ணசாமி எழுதிக் கொடுத்தார். பையனுக்குப் பாதி மார்க் போட்டு, ஓரத்தில் ‘1959க்குச் சரி’ என்று சிவப்பு மையில் எழுதுங்கள்.

கேள்வி: வரலாற்றுப் படங்களில் தணிக்கைக்காரர்கள் கைவைத்ததில் உங்களை அசரவைத்தது எது? (விருதுநகர் வாசகர்)

ஒரு தொப்பி.

நாஜி வதைமுகாம்கள் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ 32 நிமிடப் படம். 1956இல் வந்தது. உள்ளே ஒரு பழைய புகைப்படம் வரும். பிரான்சில் பித்திவியே என்ற ஊரிலிருந்த முகாம். மூலையில் காவலுக்கு ஒருவர் நிற்கிறார். அவர் தலையில் இருப்பது ஜெர்மன் தொப்பி இல்லை, பிரெஞ்சுப் போலீஸ் தொப்பி. யூதர்களை அடைத்துவைத்துக் காவல் காத்ததில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பங்குண்டு என்று அந்த ஒரு தொப்பி சொல்லிவிடுகிறதே! எடு என்றார்கள். கடைசியில் அந்த இடத்தில் ஒரு உத்தரம் வரைந்து தொப்பியை மறைத்த பிறகே படம் வெளியே வந்தது. இப்போது கிடைக்கும் பிரதிகளில் தொப்பி திரும்பிவிட்டது.

நாங்கள் மதுரையில் இதை 16 எம்.எம். பிரதியில் போட்டோம். அதில் இருந்தது தொப்பியா, உத்தரமா? தெரியாது. இந்தக் கதை அப்போது எனக்குத் தெரியாததால் நான் பார்க்கவே இல்லை.

கேள்வி: நடந்ததற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை எப்படி ஆவணப்படமாக எடுப்பது? நடிகர்களை வைத்து எடுத்தால் பொய்தானே? (விஸ்காம் மாணவர், கோவை)

தம்பி, உங்கள் கேள்வியோடு வருடக்கணக்காக மல்லுக்கு நின்றவர் ஒருவர் இருக்கிறார். கம்போடியாவின் ரித்தி பான். 1975 ஏப்ரல் 17ஆம் தேதி கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் நோம் பென்னுக்குள் வந்து, மொத்த ஜனத்தையும் வயல்வெளிக்கு விரட்டியது. இவர் அப்போது சிறுவன். நாலு வருடத்தில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வரிசையாகப் போனார்கள். நாடு முழுக்கச் செத்தவர்கள் சுமார் 17 லட்சம். அந்த ஆட்சி படம் பிடித்தது, ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும். கொடி, ஊர்வலம், மண்வெட்டியோடு வரிசை. பட்டினியில் ஒரு குழந்தை செத்ததை யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

2013இல் வந்த ‘காணாமற்போன படம்’ என்ற ஆவணப்படத்தில் அவர் களிமண்ணில் பொம்மை செய்யவைத்தார். மதுரைக்காரனுக்குக் களிமண் பொம்மை என்றால் விளாச்சேரி, கொலுப்படி, தொந்தி வைத்த செட்டியார் பொம்மை. இங்கே பொம்மைகளுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். அப்பா பொம்மைக்கு வெள்ளை உடுப்பு, கறுத்த டை. கல்வித்துறையில் வேலை பார்த்த அந்த அப்பா, இனிச் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்து அப்படியே செத்துப்போனவர். பொம்மைகள் படம் முழுக்க அசைவதே இல்லை. கேமராதான் அவற்றுக்கு நடுவே ஊர்ந்து போகிறது. பார்த்த வருடம் நவராத்திரிக்கு வீட்டில் கொலு அடுக்கும்போது என்னால் கூடமாட நின்று எடுத்துக்கொடுக்க முடியவில்லை. ‘என்ன, இந்த வருஷம் சோம்பேறித்தனம்?’ என்றாள் மனைவி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய இன்னொரு படம் 2003இல் வந்த ‘எஸ்-21’. நோம் பென்னில் பள்ளிக்கூடமாக இருந்து சிறையான கட்டடம். உள்ளே போன ஆயிரக்கணக்கானவர்களில் உயிரோடு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். அவர்களில் ஒருவரான ஓவியர் வான் நாத்தையும், அங்கே காவல் வேலை பார்த்தவர்களையும் அதே கட்டடத்துக்குக் கூட்டிவந்தார். ஒரு காவலாளி, சிறுவயதிலேயே அந்த வேலைக்கு வந்தவர், ராத்திரி ரோந்தை நடித்துக் காட்டுகிறார். வெறும் அறை. பூட்டைத் திறக்கிறார், உள்ளே போகிறார், இல்லாத கைதியை அதட்டுகிறார், இல்லாத கைதிக்குத் தண்ணீர் கொடுக்கிறார், பூட்டுகிறார். வாய்ச்சொல்லில் தயங்கிய ஆள், செய்து காட்டச் சொன்னதும் தடங்கலே இல்லாமல் செய்கிறார். கை கால்கள் எதையும் மறக்கவில்லை. இதில் கேமராவைக் கவனியுங்கள். வாசல் வரைக்கும் வருகிறது, உள்ளே நுழையவில்லை. நுழைந்தால் தரையில் கிடக்கும் கைதிகளை மிதித்ததாகிவிடும் என்று இயக்குநர் நினைத்தாராம். அங்கேதான் யாருமே இல்லையே என்று கேட்காதீர்கள்.

நடிகர்களை வைத்து எடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. இது நாங்கள் செய்து பார்த்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும். மண் பொம்மையைப் பார்த்து யாரும் ஏமாறப் போவதில்லை. கம்ப்யூட்டரில் கீறலும் புள்ளியும் தூவி, பழுப்பு நிறம் அடித்து, பழைய ஃபிலிம் கிடைத்த மாதிரி காட்டுகிறார்களே, அது எனக்கு ஆகாது. உண்மையான கீறல் எப்படி விழும் என்று புரொஜக்டர் ஓட்டியவனுக்குத் தெரியும்.

கேள்வி: வரலாற்றுப் படம் பார்க்கும்போது தூங்கியதுண்டா? (குறும்புக்காரர், திருச்சி)

உண்டு, புரொஜக்டர் பக்கத்திலேயே. ரீல் தீர்ந்து வெறும் வெள்ளைத் திரை ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஒருத்தரும் சத்தம் போடவில்லை. டைரக்டர் ஏதோ சொல்லவருகிறார் என்று இருந்துவிட்டார்களாம்.

கேள்வி: எங்கள் ஊர் ஏ.கே.செட்டியார் காந்தியை வைத்துப் படம் எடுத்தார் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். அதை எங்கே பார்க்கலாம்? (வாசகி, கோட்டையூர்)

நானும்தான் தேடினேன் அம்மா. அந்தத் தமிழ்ப் படத்தை முழுசாகப் பார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அதில் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்துவிட்டு, 26 வயதுகூட நிரம்பாத செட்டியார் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கினால் என்ன என்று நடுக்கடலில் தோன்றுகிறது. நடிகரை வைத்து இல்லை. உலகத்தில் யார் யாரோ, எங்கெங்கோ காந்தியைப் படம் பிடித்திருக்கிறார்களே, அதையெல்லாம் தேடிச் சேர்த்து. தோன்றியதைச் செய்தும் விட்டார். ஒரு லட்சம் மைல் சுற்றினார். சுமார் 100 கேமராக்காரர்கள் 30 வருடத்தில் எடுத்த 50,000 அடி ஃபிலிமைச் சேர்த்து, அதில் 12,000 அடியைத் தேர்ந்தெடுத்தார். ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 1940 ஆகஸ்ட் 23ஆம் தேதி தமிழில் வெளியானது. காந்தி உயிரோடு இருக்கிறார், வெள்ளைக்காரன் ஆட்சி, நடுவே உலகப் போர் வேறு.

அப்புறம் அந்தப் படம் இருந்த இடம் தெரியவில்லை. உலகமெல்லாம் சிதறிக் கிடந்த காந்தியைப் பொறுக்கிச் சேர்த்த படத்தையே பின்னால் வந்தவர்கள் பொறுக்கித் தேட வேண்டியதாயிற்று. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்தில் ஒரு வடிவம் வந்திருந்தது. அதன் சுருக்கப் பிரதி ஒன்றை வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த நூற்றாண்டில் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில் கண்டெடுத்தார். செட்டியார் படத்துக்காக அலைந்த கதையை வேங்கடாசலபதி பதிப்பித்த ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ புத்தகத்தில் படிக்கலாம். செட்டியார் தன்னைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளாதவர். அவர் நடத்திய ‘குமரி மலர்’ இதழ்கள் மூன்றை மதுரைப் புதுமண்டபத்தில் வாங்கிவைத்திருக்கிறேன். அட்டையில்லாத ஒன்றைக் கடைக்காரர் சும்மா கொடுத்தார்.

தாத்தா அந்தப் படத்தைப் பார்த்தவரா, இல்லை கேள்விப்பட்டவரா? பார்த்தவர் என்றால் எந்த ஊர்க் கொட்டகையில் என்று கேட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: ‘ஷோவா’ ஒன்பதரை மணி நேரமாமே? பார்க்க முடியுமா? (திண்டுக்கல் வாசகர்)

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொண்டால் முடியும். நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்தது பற்றிய ஆவணப்படம் அது. கிளாத் லான்ஸ்மன் அதை எடுக்க 11 வருடம் எடுத்துக்கொண்டார். பழைய காட்சி ஒன்றுகூட உள்ளே கிடையாது. பேசுகிற மனிதர்கள், இன்றைக்குப் புல் முளைத்திருக்கும் இடங்கள், ரயில். அவ்வளவுதான்.

ஒரே ஒரு காட்சியில் எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. ட்ரெப்ளிங்கா முகாமில், விஷவாயு அறைக்குப் போகிற பெண்களுக்கு முடி வெட்டும்படி செய்யப்பட்டவர் ஆபிரகாம் போம்பா. அவரைப் பேசவைக்க டெல் அவிவ் நகரில் ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து, கையில் கத்தரிக்கோலையும் கொடுத்து, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே சொல்லச் சொல்கிறார். ஓர் இடத்தில் போம்பாவால் முடியவில்லை. வேண்டாம் என்கிறார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார் லான்ஸ்மன். கேமரா நிற்கவில்லை. 1985இல் வந்த படம். நான் நாலு தடவை பார்த்துவிட்டேன். இரண்டு தடவை லான்ஸ்மன் பக்கம் இருந்தேன், இரண்டு தடவை எழுந்துபோய் டி.வி.யை அணைத்தேன்.

கேள்வி: என் பாட்டிக்கு 84 வயது. வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவர் பேசுவதைப் படமாக்க ஆசை. என்ன கேட்பது? (வாசகி, பொள்ளாச்சி)

முதலில் ஃபேனை அணையுங்கள். படம் மங்கினால் பரவாயில்லை, குரல் கேட்க வேண்டும். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் எந்தப் பாட்டியும் ‘அதுல என்ன இருக்கு’ என்றுதான் சொல்வார். கூடை எப்படித் தலையில் மாட்டுவீர்கள், அட்டை கடித்தால் என்ன தடவுவீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கையால் செய்து காட்டுவார். கையையும் எடுங்கள். வருடத்தைத் தப்பாகச் சொன்னால் நோட்டில் குறித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அத்தை தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயல் வந்து, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது, ஊரும் அழிந்தது. 1986இல் புது டேப் ரெக்கார்டர் வாங்கிய ஜோரில் அத்தை முன்னால் உட்கார்ந்தேன். கூரை பறந்தது, மணல்மேட்டுக்கு ஓடியது, பெரியவளை இடுப்பில் கட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ‘விடிஞ்சு பாத்தா ரெண்டு பொட்டி தண்ணிக்குள்ள கெடக்கு’ என்றார். நான் முந்தின வாரம்தான் அதைப் பற்றிப் படித்திருந்தேன். ‘இல்ல அத்தை, ஆறு பெட்டி. பேப்பர்லயே போட்டிருக்கு’ என்றேன். ‘அப்ப பேப்பரையே கேட்டுக்க’ என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எங்கே நின்று பார்த்தீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். புயல் பேச்சை எடுத்தாலே காப்பி வேணுமா என்பார். 1991இல் போய்ச் சேர்ந்தார்.

கேஸட் இன்னும் பீரோவில் இருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் என் குரல் ‘ஆறு பெட்டி’ என்கிறது. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம், உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம். மீதி முழுக்க என் மகன் அதன்மேல் பதிந்துவைத்த சினிமாப் பாட்டு.