ஃப்ரீலான்ஸ் மியூசிக் டிசைனர் தன் வேலையை எப்போது வெளியே சொல்லலாம்?

மியூசிக் டிசைனர் என்பவர் பாட்டுக்கு மெட்டுப் போடுபவர் அல்ல. படம், விளம்பரம், கேம் போன்றவற்றுக்கு இசையும் ஓசையும் கலந்த ஒலிகளைச் செய்து தருபவர். ஃப்ரீலான்ஸ் என்பதால் மாதச் சம்பளம் கிடையாது, அடுத்த வேலை வந்தால்தான் சாப்பாடு. அதனால் "இதை நான்தான் செய்தேன்" என்று சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் பெரும்பாலும் அந்த ஒலி பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். எப்போது வெளியிடுவது என்பதும் அவர் முடிவு. வேலைக்கு வரும் வீடியோவில், அதைப் பெறும் டிசைனரின் பெயரைக் குறுக்கே பதித்து அனுப்புவது இதனால்தான். கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரிந்துவிடும்.

கல்யாண ரவிக்கை தைக்கும் தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் அதைக் கடை வாசலில் மாட்டமாட்டார். கல்யாணம் முடிந்ததும், பெண் வீட்டாரைக் கேட்டுவிட்டு, போட்டோவை ஆல்பத்தில் வைப்பார்.

பலர் சறுக்குவது, வேலை செய்யும் மென்பொருளின் ஸ்க்ரீன்ஷாட்டைப் பகிரும்போது. ஒலி ஒரு நொடிகூடக் கேட்காது, ஆனால் ட்ராக் பெயர் '5எம்2 அண்ணன் சாவு' என்றிருக்கும். '5எம்2' என்றால் படத்தின் ஐந்தாவது ரீலில், அதாவது ஐந்தாவது பகுதியில், வரும் இரண்டாவது இசைத்துண்டு என்று பொருள்; கதையே வெளியே போய்விட்டது. காட்ட ஆசையிருந்தால் சொந்தமாக ஒரு நிமிடம் செய்து காட்டுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

வேலையை ரகசியமாக வைத்திருப்பேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் வாய் திறக்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; சில ஒப்பந்தங்களில் தடை வெளியீடுவரைதான், அதனால் தடை எதுவரை என்று சொல்லும் பத்தியைப் படித்துவிட்டு, வெளியானதும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.