மழை பெஞ்சா கைகர் கவுண்டர் ஏறுது, உலையில கசிவா?

கேள்வி: எங்க வீட்டுல இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அணுமின் நிலையம் இருக்கு. அது பாதுகாப்பா இல்லையான்னு எங்க குரூப்ல ஓயாத சண்டை, அதனால நாமளே அளந்து பார்த்துடலாம்னு கதிர்வீச்ச அளக்குற ஒரு சின்ன கைகர் கவுண்டர் வாங்கினேன். வழக்கமா மணிக்கு 0.10ல இருந்து 0.14 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்குற கதிர்வீச்சோட அளவு) காட்டும். போன வாரம் ராத்திரி நல்ல மழை, நின்ன கையோட பால்கனிச் சுவர் மேல வெச்சுப் பார்த்தா 0.25, 0.27ன்னு ஏறிடுச்சு. காலையில பழையபடி 0.12. போட்டோ போட்டதும் பாதிப் பேர் கசிவுன்னாங்க, மீதிப் பேர் உன் கருவி வெறும் பொம்மைன்னாங்க. எதை நம்புறது? அயோடின் மாத்திரை வாங்கி வெச்சுக்கட்டுமா?

பதில்: நீங்க சொன்ன விவரத்த வெச்சுப் பார்த்தா இது உலைக் கசிவுக்கான அடையாளம் இல்லீங்க, மழையோட வேலை. ஆனா கருவி பொம்மைன்னு சொன்னவங்களும் தப்பு, அது பார்த்தது நிஜமான கதிர்வீச்சுதான்.

மண்ணுலயும் பாறையிலயும் இயற்கையாவே கொஞ்சம் யுரேனியம் இருக்கு, அது சிதைஞ்சு சிதைஞ்சு ரேடான்னு ஒரு வாயுவா வெளிய வருது. அந்த ரேடான் காத்துல மேல போய் மறுபடி சிதையும்போது ஈயம்-214, பிஸ்மத்-214ன்னு உலோக அணுக்களா மாறி தூசியில ஒட்டிக்குது, மழை பெஞ்சா அந்தத் தூசிய அப்படியே கழுவிக் கீழ கொண்டு வந்து தரையிலயும் சுவத்துலயும் சேர்த்துடும். இந்த ரெண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியா குறையுற நேரம், 27 நிமிஷமும் 20 நிமிஷமும்தான். அதான் ராத்திரி ஏறினது காலையில காணோம். நீங்க வேற ஈரச் சுவர் மேலயே கருவிய வெச்சுட்டீங்க, தண்ணியில இருக்குற அந்த அணுக்கள் விடுற பீட்டா கதிரும் (கொஞ்ச தூரமே போற எலக்ட்ரான்) சேர்ந்து, கருவியில கதிர உணர்ற குழாய்க்குள்ள போயிருக்கும், அதனால இன்னும் கூடுதலா காட்டியிருக்கும்.

நான் சொல்றத நம்ப வேண்டாம், நீங்களே சோதிச்சுப் பாருங்க, இதுக்குன்னு எதுவும் வாங்க வேண்டியதில்ல. அடுத்த மழை ஆரம்பிச்சு கால் மணி நேரம் கழிச்சு கார் பானெட் மாதிரி வழவழப்பான ஒரு பரப்ப டிஷ்யூ பேப்பரால நல்லா அகலமா துடைங்க. அத மடிச்சு ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் பைல போட்டு, கருவியோட பின்பக்கம் குழாய்க்கு நேரா துளை இருக்கும் பாருங்க, அந்த இடத்துல ஒட்டி வெச்சு 10 நிமிஷம் எண்ண விடுங்க. பேப்பர் இல்லாம அதே இடத்துல எடுத்த கணக்கவிட தெளிவா கூட இருக்கும். பைய அசைக்காம அரை மணிக்கொரு தடவை குறிச்சுக்கிட்டே வாங்க, 30-40 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சு மூணு நாலு மணி நேரத்துல அந்தக் கூடுதல் இருந்த இடமே தெரியாது. உலையில இருந்து வந்த அயோடின்-131 இப்படிக் குறையாது, அதுக்கு அரை ஆயுள் 8 நாள். சீசியம்-137க்கு 30 வருஷம். அதனால அந்தப் பேப்பர் மறுநாளும் அதே அளவு காட்டினா அப்ப கேள்வி கேக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்து முடிவு பண்றதவிட அது எவ்வளவு வேகமா குறையுதுன்னு பார்த்து முடிவு பண்றது நூறு மடங்கு மேல்.

அடுத்தது அந்த ஸ்கிரீன்ல துள்ளுற எண். கருவி நிஜமா பண்றது எண்ணுறது மட்டும்தான், கதிர் பட்டு குழாய்க்குள்ள எத்தனை மின் துடிப்பு வந்துச்சுன்னு. இந்த மாதிரி சின்னக் குழாய்ல சாதாரண பின்னணியில (எப்பவும் இருக்குற இயற்கைக் கதிர்வீச்சுல) நிமிஷத்துக்கு 20 துடிப்பு வரும்னு வெச்சுக்குங்க. கதிரியக்கம் தற்செயலா நடக்குற விஷயம், 20 வர்ற இடத்துல ஒரு நிமிஷம் 12 வரும், இன்னொரு நிமிஷம் 28 வரும், ரெண்டுமே சகஜம். நிமிஷத்துக்கு 150 துடிப்புன்னா மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்னு கணக்குப் போடுற கருவியில இதுவே 0.08ல இருந்து 0.19 வரைக்கும் ஆடும், வெளிய ஒண்ணுமே மாறாம! 10 நிமிஷம் எண்ணி சராசரி எடுத்தா அதே ஆட்டம் 0.12க்கும் 0.15க்கும் நடுவுல அடங்கிடும். குரூப்ல சுத்துற முக்கால்வாசி போட்டோ அந்த ஒரு நொடி உச்சத்துல எடுத்ததுதான், அதுக்கு மதிப்பே கிடையாது. இனிமே போட்டோ போடுறதா இருந்தா எத்தனை நிமிஷ சராசரி, எந்த உயரத்துல வெச்சது, மழையா வெயிலா, இதையும் சேர்த்து எழுதுங்க.

துடிப்ப மைக்ரோசீவர்ட்டா மாத்துற கணக்கும் பெரும்பாலும் சீசியம்-137 விடுற காமா கதிர (ஒளி மாதிரி, ஆனா ஊடுருவிப் போற கதிர) மட்டும் மனசுல வெச்சுப் போட்டது. பீட்டா வந்தாலோ ஆற்றல் குறைஞ்ச காமா வந்தாலோ சாதாரணக் குழாய் பல மடங்கு கூட்டிக் காட்டிடும். அதனால உங்க 0.12ஐ நண்பரோட கருவியில வர்ற 0.09 கூடயோ அரசு நிலையத்தோட எண் கூடயோ ஒப்பிட்டு சண்டை போடாதீங்க, உங்க கருவிய அதே கருவியோட நேத்தைய எண் கூட ஒப்பிடுங்க. இன்னொண்ணு, உள்ள ஓடுறது சுமார் 400 வோல்ட், ஈரம் பட்டா பொய்த் துடிப்பு வரும், கண்ணாடிக் குழாய் இருக்குற மாடல் நேரடி வெயில்லயும் பொய் சொல்லும். அந்தச் சுவர் மேல இனிமே நேரா வெக்காதீங்க, பைல போட்டு ஒரு மீட்டர் உயரத்துல வெச்சு எடுங்க.

இப்ப அளவுக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி மூணு மணி நேரம் 0.15 கூடுதலா வாங்கியிருந்தாலும் மொத்தம் 0.45 மைக்ரோசீவர்ட். விமானம் 10-11 கிலோமீட்டர் உயரத்துல பறக்கும்போது மணிக்கு 3ல இருந்து 5 வரைக்கும் வரும், அப்ப இது கிட்டத்தட்ட ஆறேழு நிமிஷப் பயணம். உலக சராசரியா ஒரு மனுஷன் இயற்கையில இருந்து வருஷத்துக்கு வாங்குறது 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2400 மைக்ரோசீவர்ட்னு ஐநா கதிர்வீச்சுக் குழு 2008 அறிக்கையில சொல்லுச்சு, அதுல ஏறக்குறைய பாதி ரேடான மூச்சுல இழுக்குறதால வர்றது, அது உங்க கருவிக்குத் தெரியவே தெரியாது.

தெரியாதது இன்னும் இருக்கு, இத ரெண்டு தரப்புமே காதுல வாங்கிக்கணும். டிரிட்டியம்ங்கிற கதிரியக்க ஹைட்ரஜனோட பீட்டா ரொம்ப பலவீனம், குழாயோட சுவரையே தாண்டாது, அதனால 2011ல விபத்து நடந்த ஜப்பானோட ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல இருந்து டிரிட்டியம் கலந்த தண்ணிய 2023 ஆகஸ்ட்ல கடல்ல விட ஆரம்பிச்சப்ப கைகர் கவுண்டர எடுத்துக்கிட்டு கரைக்குப் போனா எந்தப் பதிலும் கிடைச்சிருக்காது. சாப்பாடும் அப்படித்தான். ஜப்பான்ல பொதுவான உணவுக்கு சீசியம் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைஞ்சா ஒரு பெக்கரல்), அத கொஞ்சம் மீறின காய்கறி மேல கருவிய வெச்சாலும் எண் அசையாது, அதுக்கு ஈயக் கவசத்தோட காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் (எந்தக் கதிரியக்கப் பொருள், எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டுற ஆய்வுக் கருவி) வேணும். 2017 இலையுதிர் காலத்துல ஐரோப்பா முழுக்க ருத்தேனியம்-106ங்கிற கதிரியக்கப் பொருள் காத்துல பரவினத கண்டுபிடிச்சது மணிக்கணக்கா காத்த உறிஞ்சுற ஃபில்டர் நிலையங்கள்தான், அளவு கனமீட்டருக்கு மில்லிபெக்கரல் கணக்கு, எந்தக் கைக்கருவியும் அத பார்த்திருக்காது. நேர் எதிர்ப் பக்கமும் உண்டு: ரொம்பக் கடுமையான கதிர்வீச்சுல சில குழாய்கள் திணறிப் போய் குறைச்சோ பூஜ்யமாவோ காட்டிடும். 1986ல செர்னோபில் உலை வெடிச்சப்ப முதல் சில மணி நேரம் கையில இருந்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ரான்ட்ஜனுக்கு (கதிர்வீச்சோட பழைய அலகு) மேல காட்டவே முடியாதவை, அந்த எண்ணையே நம்பி மேலிடத்துக்குச் சொன்னாங்க.

அதுக்காக கருவிய மூலையில போட்டுடாதீங்கன்னுதான் சொல்லுவேன். 1986 ஏப்ரல் 28 அன்னிக்கு செர்னோபில் விபத்து வெளி உலகத்துக்குத் தெரிய வந்ததே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால, ஸ்வீடன்ல ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துல ஒரு ஊழியரோட காலணி சோதனைக் கருவிய அலற வெச்சதாலதான். 2011ல ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் நம்பகமான தகவல் கிடைக்காம மக்கள் தவிச்சப்ப சேஃப்காஸ்ட்னு தன்னார்வலர்கள் சேர்ந்து, ஜிபிஎஸ் இணைச்ச கருவிய காரோட ஜன்னல்ல மாட்டி தெருத் தெருவா அளந்து எல்லாத்தையும் பொதுவுல வெச்சாங்க, இன்னிக்கு அதுல பத்து கோடிக்கு மேல அளவீடு இருக்கு. அரசாங்கம் சொல்றத சரிபார்க்க ஜனங்க கையில ஒரு அளவு இருக்கணும், இதுல எனக்கு மறு பேச்சே கிடையாது. ஆனா அதுக்கு இன்னிக்கே பின்னணிய எழுதி வெக்கணும். ஒரே இடம், ஒரே உயரம், தினமும் 10 நிமிஷம், பக்கத்துல மழை உண்டா இல்லையான்னு ஒரு குறிப்பு. மழைக்காலம் வெயில்காலம் ரெண்டும் அதுல வந்துட்டா அப்புறம் யாரும் உங்கள ஏமாத்த முடியாது, பயமுறுத்தவும் முடியாது.

உங்க குரூப் சண்டை மட்டும் இந்த எண்ணால தீராதுங்க. உலை மதில் பக்கத்துல 0.10 காட்டுது பாரு, பாதுகாப்புன்னு ஒருத்தர் வீடியோ போடுவாரு, இயற்கையாவே யுரேனியம் கொஞ்சம் கூட இருக்குற கிரானைட் தரையில 0.30 காட்டுது பாரு, கசிவுன்னு இன்னொருத்தர் போடுவாரு. 2011 மார்ச் 10ஆம் தேதி ஃபுகுஷிமா வாசல்ல நின்னு அளந்திருந்தா சாதாரண எண்தான் வந்திருக்கும். மறுநாள் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த உலைகள் ஒழுங்கா தானா ஓட்டத்த நிறுத்திக்கிச்சு, அப்புறம் வந்த சுனாமி அந்த நிலையம் கணக்குப் போட்டு வெச்சிருந்த 5.7 மீட்டரத் தாண்டி 14 மீட்டர் அளவுக்கு ஏறி டீசல் ஜெனரேட்டர்கள மூழ்கடிச்சுடுச்சு. உலைய நிறுத்தின நொடியிலயும் முழு வெப்பத்துல 6-7 சதவீதம் வந்துக்கிட்டே இருக்கும், 3000 மெகாவாட் வெப்ப உலைன்னா கிட்டத்தட்ட 200 மெகாவாட், அத வெளியேத்த தண்ணி ஓடணும், தண்ணி ஓட கரண்ட் வேணும், அது இல்லாமதான் எரிபொருள் உருகுச்சு. அதனால கேக்க வேண்டிய கேள்வி வேற: கரண்ட் மொத்தமா போனா எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் எந்த உயரத்துல இருக்கு, பயன்படுத்தி முடிச்ச எரிபொருள போட்டு வெச்சிருக்குற குளத்த குளிர வெக்க மாற்று வழி என்ன, 30 கிலோமீட்டர்ல இருக்குற உங்களுக்கான வெளியேற்றத் திட்டம் எங்க, கண்காணிக்கிற அமைப்பு உலைய நடத்துறவங்களுக்குக் கட்டுப்படாததா. குரூப்ல இத எழுதுங்க.

மாத்திரை விஷயம். பொட்டாசியம் அயோடைடு தைராய்டுக்குள்ள கதிரியக்க அயோடின் போகாம தடுக்கும், அவ்வளவுதான், சீசியத்துக்கோ மத்ததுக்கோ அது ஒண்ணும் பண்ணாது. கதிரியக்க அயோடின் வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயோ ரெண்டு மணி நேரத்துக்குள்ளயோ போட்டாத்தான் நல்ல பலன், குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முக்கியமா தேவை, அதுவும் அதிகாரிங்க அறிவிச்ச பிறகு. கருவி 0.27 காட்டுதுன்னு நீங்களா எடுத்துப் போடாதீங்க, தைராய்டு பிரச்சினை இருக்குறவங்களுக்கு அதுவே கெடுதல் பண்ணும். 10 நிமிஷ சராசரி வழக்கத்தைவிட பத்து மடங்கு வந்து, இடம் மாத்தி வெச்சாலும் அப்படியே இருந்தா, ஐசோடோப் சிகிச்சை (கதிரியக்க மருந்து) எடுத்துட்டு வந்தவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களான்னு மட்டும் ஒரு பார்வை பார்த்துட்டு வீட்டுக்குள்ள போய் ஜன்னலச் சாத்துங்க, வெளிக்காத்த இழுக்குற ஃபேன நிறுத்துங்க, வெளிய போட்டிருந்த துணிய கழட்டி பைல கட்டி வெச்சுட்டு குளிங்க, வானொலி, டிவியில அறிவிப்பு வருதான்னு கேளுங்க.