மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அரும்பு’ நிலையில் இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் ஊர். மகன் அரசு தொடக்கப் பள்ளியில் 3ஆம் வகுப்பு, தமிழ் வழி. அவன் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். போன பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், “தமிழில் அரும்பு, கணக்கில் மொட்டு” என்று சொன்னார். ஆனால் ரேங்க் கார்டில் தமிழுக்கு ஏ கிரேடு போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து டியூஷன் சென்டரில் இலவச டெஸ்ட் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் பின்தங்கியிருக்கிறான், இப்போதே சேர்க்காவிட்டால் ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் ஆக்கிவிடுவார்கள் என்கிறார்கள். வருஷத்துக்கு 18,000 ரூபாய். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? இல்லை, பேசாமல் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மீதியைக் கட்ட வேண்டாம். பள்ளியையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் அந்த சென்டரிலிருந்து இன்னொரு போன் வந்துவிடும்.

அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் சொற்கள். அரும்பு முதல் நிலை, மொட்டு அடுத்தது, மலர் மேல் நிலை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, எழுத்தே தெரியாமல் பிள்ளைகள் மேல் வகுப்புக்கு வந்துவிட்டார்கள் என்று 2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளும் சேர்ந்தன. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யார் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து சொல்லிக்கொடுப்பதற்காகப் பிரித்த பிரிவு இது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அதனால்தான் உங்கள் மகன் தமிழில் ஓர் இடத்திலும் கணக்கில் ஓர் இடத்திலும் நிற்கிறான்.

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதான் பால் வெட்டத் தொடங்குவார்கள். 42 செ.மீ.யில் நிற்கும் மரத்தை யாரும் தோற்றுப்போன மரம் என்று சொல்வதில்லை. உரம் வைப்பார்கள், அடுத்த வருஷம் மறுபடி அளப்பார்கள். உங்கள் மகனையும் டீச்சர் அளந்துதான் பார்த்திருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது, எந்த உரம், எப்போது மறுபடி அளப்பார் என்பதைத்தான்.

சரி, ஏ கிரேடு எப்படி வந்தது? நம் பள்ளிகளில் ஒரு பருவத்தின் மதிப்பெண் இரண்டு பங்காக வரும். வகுப்பில் செய்த செயல்பாடுகள், சின்னச் சின்னத் தேர்வுகள் எல்லாம் சேர்ந்து வளரறி மதிப்பீடு, 40. பருவக் கடைசியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீடு, 60. நிலைவாரியாக வினாத்தாள் கொடுக்கும்போது அரும்புப் பிள்ளைக்கு அரும்புத் தாள்தான் வரும். அதில் 60க்கு 52 வாங்கலாம், கிரேடும் நன்றாகவே வரும். மலர்த் தாளில் வாங்கும் 52ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. கிரேடு பொய்யில்லை. எந்தத் தாளில் வாங்கியது என்பதைக் கார்டிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாதிப் பெற்றோரின் குழப்பம் தீரும். அதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

இந்தக் குமரி மாவட்டத்தில் பல வருஷம் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவள் நான். பேச்சிப்பாறை பக்கத்துப் பள்ளியொன்றில், பிள்ளைகளின் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதற்குச் சிக்னல் தேடி டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இரண்டு வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பாடுபட்டு ஏற்றிய விவரமெல்லாம் மேலே போகிறது. பெற்ற தாய்க்கு ‘அரும்பு’ என்ற ஒரு சொல்தான் வருகிறது. டீச்சர்மேல் கோபப்படாதீர்கள். அவரிடம் நேரம் இல்லை. நேரத்தை வாங்கிக்கொண்டவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் மகன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்பதை நீங்களே வீட்டில் பத்து நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாம். போன வருஷத்துத் தமிழ்ப் புத்தகத்தில் அவனுக்கு மனப்பாடம் ஆகாத ஒரு பக்கத்தை எடுங்கள். வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள், இது முக்கியம். எந்த இடத்தில் நிற்கிறான் என்று மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “என்ன மக்களே நடந்தது இதில?” என்று கேளுங்கள். கதையைச் சொல்லிவிட்டான் என்றால் பயப்பட ஒன்றுமே இல்லை, வேகம் தானாக வரும். வாசித்துவிட்டு முழிக்கிறான் என்றால் எழுத்துக் கூட்டுவதிலேயே அவன் மூச்சு போகிறது என்று அர்த்தம். பென்சில் கோடுகளைப் பாருங்கள். எல்லாம் ஒற்று வரும் சொற்களிலா? ர, ற குழப்பமா? நீளச் சொற்களிலா? அந்த ஒன்றுதான் அவனுடைய அடுத்த இலக்கு.

நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்று ஒரு கணக்கு உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். 2021இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில் 2ஆம் வகுப்புக்கு 45 முதல் 60, 3ஆம் வகுப்புக்குக் குறைந்தது 60 என்று எழுதியிருக்கிறார்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது தமிழில் ஒரே சொல். அதைக் கூட்டி வாசிக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். முட்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ‘மிகவும் பின்தங்கியவன்’ என்று என் முன்னால் நிறுத்தினார்கள். இருநூற்று நான்கு எழுதச் சொன்னேன். 2004 என்று எழுதினான். கரையில் மீன் ஏலம் போகும்போது அப்பாவோடு நிற்பாயா என்று கேட்டேன். நிற்பானாம். “இருநூற்று நாலு ரூபாய்க்கு ஒரு கூறு. முந்நூறு ரூபாய் கொடுத்தால் பாக்கி எவ்வளவு?” வாய் மூடுவதற்குள் தொண்ணூற்றாறு என்றான். கணக்கு அவனுக்குள் இருந்தது. எழுதும்போது மட்டும் காதில் கேட்டபடி இருநூறையும் நாலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டான். நூறு ரூபாய்த் தாள் இரண்டு, ஒரு ரூபாய்க் காசு நான்கு, நடுவில் பத்து ரூபாய்க்கு ஒரு வெறும் இடம். அதைத் தரையில் பரப்பிக் காட்டியதும் அந்த வெறும் இடத்தில் அவனே விரலை வைத்து, “இங்க சைபர்” என்றான். ‘மொட்டு’ என்று சொன்னார்களே, உங்கள் மகனுக்கும் இப்படி ஏதோ ஒரு வெறும் இடம்தான் இருக்கும்.

இனி அந்த இலவச டெஸ்ட். இதில் எனக்கு இருக்கும் கோபத்தை மறைக்கப்போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மார்த்தாண்டத்தில் ஓர் அம்மா இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவர் மகளும் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. ஆகஸ்டில் வைத்த டெஸ்ட். அந்த வகுப்பில் இன்னும் நடத்தாத பெரிய வகுத்தல் கணக்குகள், ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியக் கணக்குகள். கடைசியில் அச்சடித்த ஒரு கட்டத்தில் ‘கற்றல் வயது 6’. அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிள்ளையை என் பக்கத்தில் உட்காரவைத்து அவள் புத்தகத்தையே பிரித்தேன். நன்றாக வாசித்தாள். கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டும் தடுமாற்றம். 52இல் 27 போனால் 35 என்று எழுதினாள். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள், அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்து எண்ணக் காட்டினோம். மூன்றே நாளில் சரியானது. அதற்குத்தான் அவர்கள் ஒரு வருஷக் கட்டணம் கேட்டிருந்தார்கள்.

இந்த டெஸ்டில் ‘உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தேவையில்லை’ என்ற முடிவு வந்து நான் பார்த்ததே இல்லை. நன்றாக எழுதினால் அபாகஸ், ஒலிம்பியாட் என்று வேறு பாதையில் இழுப்பார்கள். விரல் ரேகையை வைத்து மூளையின் திறமையைச் சொல்கிறோம் என்றுகூட வருகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. அப்பா வெளிநாட்டில் என்று தெரிந்தால் தொகை ஏறும். டேப்லெட்டோடு தருகிறோம், மாதத் தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். அது பல நேரம் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைக்கு டியூஷன் தேவையே இல்லை என்பது என் முடிவு. தன் பள்ளி டீச்சரே தனியாக எடுக்கிறார் என்றாலும் சேர்க்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது.

ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் என்பது உங்களைப் பயமுறுத்தச் சொன்னது. 5, 8ஆம் வகுப்புகளில் ஃபெயில் ஆக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது உண்மை. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. உங்கள் மகன் படிக்கும் பள்ளியில் 8ஆம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்க மாட்டார்கள். பராக், ஸ்லாஸ் என்றெல்லாம் சில தேர்வுகளின் பெயரைச் சொல்லியும் பயமுறுத்துவார்கள். அவை பள்ளிகளின், மாவட்டத்தின் நிலையைப் பார்க்கும் ஆய்வுகள். உங்கள் மகனின் ரேங்க் கார்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இந்த அரும்பு, மொட்டு அளவு பொருந்தாத ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்றாலும், களியக்காவிளை, அருமனை, பளுகல் பக்கம் இதை வாசிப்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை, அல்லது முதல் வகுப்பை மலையாள வழியில் படித்துவிட்டு இரண்டாம் வகுப்பில் தமிழ் வழிக்கு வந்த பிள்ளை. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மாறியது, வீடுகளில் பேச்சு மாறவில்லை. அந்தப் பிள்ளையை நம் வினாத்தாள் அரும்பில் தள்ளிவிடும். ஆனால் அது அரும்பே இல்லை. மலையாளத்தில் க-வுக்கு நான்கு எழுத்து உண்டு. ‘காந்தி’ என்று சொல்வதெழுதச் சொன்னால் அவன் பேனாவைத் தூக்கிக்கொண்டு “எந்தக் க, டீச்சர்?” என்று கேட்பான். வகுப்பு சிரிக்கும். அடுத்த முறை கேட்க மாட்டான், எழுதவும் மாட்டான். ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்றபடி ஒலி மாறும் என்பதை யாராவது அவனுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர், டீச்சரிடம் “இவனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு மலையாளக் கதையை அவர் முன்னால் வாசிக்க வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை, இன்னோர் எழுத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. எழுத்தே தெரியாத பிள்ளையோடு சேர்த்து உட்காரவைத்து அ, ஆ எழுத வைத்தால் ஒரு வருஷம் வீண். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி வீணானதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் விவரம் ஏற்றும் எமிஸ் பதிவில் இதற்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்ட நாளில் போகாதீர்கள், அன்று யாரிடமும் பேச முடியாது. சாதாரண நாளில், பள்ளி விடும் நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அவன் தமிழ் நோட்டும் நீங்கள் கோடு போட்ட பக்கமும் கையில் இருக்கட்டும். “ஏன் அரும்பு?” என்று கேட்டால் டீச்சர் தன்னைத் தற்காத்துப் பேசத் தொடங்கிவிடுவார். “அடுத்த நிலைக்குப் போக இவன் எதைச் செய்யணும், டீச்சர்? ஒன்று சொல்லுங்க, வீட்டில பார்க்கிறேன். எப்போ திரும்பப் பார்ப்பீங்க?” என்று கேளுங்கள். ‘கற்றல் விளைவு’ அது இது என்று ஆரம்பித்தால், “ஒரு சொல் எழுதிக் காட்டுங்க” என்று நோட்டை நீட்டுங்கள். பொங்கலுக்குள் ஒற்றெழுத்துச் சொற்களைத் தடுமாறாமல் வாசிப்பது, நடுவில் சைபர் வரும் மூன்றிலக்க எண்களைச் சரியாக எழுதுவது. இந்த அளவுக்கு இலக்கு சின்னதாக இருந்தால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அவனிடமும் சொல்லுங்கள். எதை நோக்கிப் போகிறோம் என்று பிள்ளைக்கே தெரியாத இலக்கு டீச்சரின் நோட்டோடு நின்றுவிடும்.

ஒரு பருவம் கழித்தும் அதே இடத்தில் நின்றால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அங்கேயும் எழுப்பலாம். அதற்கு மேல் உங்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரைப் பார்க்கலாம், அல்லது 14417க்குப் போன் செய்யலாம். இங்கிலீஷ் மீடியம் பற்றி அப்போது யோசிக்கலாம். இப்போது மாற்றினால் தமிழில் இருக்கும் அதே தடுமாற்றத்தை, வீட்டில் யாரும் பேசாத மொழியில் முதலிலிருந்து தொடங்குவான்.

அந்த 2,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் சேர்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ரசீதே தரவில்லை என்றால் ஜிபே அல்லது வங்கிக் கணக்கில் போன பதிவைப் படம் எடுத்து வையுங்கள். தவணைக்கு என்று ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். நாளைக்கே வங்கிக்குப் போய், உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்து அதை நிறுத்தச் சொல்லுங்கள்.